என் மகனை கேங்கிலிருந்து மீட்ட கதை

அந்த டேனிஷ் தொடரைப் பார்க்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. திரையில் வந்த படத்தில் ஒரு சைக்கிள் இருந்தது, பின்னால் கடல் இருந்தது. யாரோ சைக்கிள் ஓட்டிக்கொண்டே வாழ்க்கையைப் பற்றி யோசிக்கப் போகிறார்கள், துணி மடிக்கும்போது பார்க்க ஏற்றது என்று நினைத்துப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் சைக்கிளில் வந்தவனைச் சுட்டுவிட்டார்கள். அதற்குள் பாதித் துணி மடித்தாகிவிட்டது. ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது எனக்கு வராது. பிடிக்காத எஞ்சினியரிங்கையே நான்கு வருடம் ஒழுங்காகப் படித்து முடித்தவள் நான்.

கதை கோபன்ஹேகனின் ஓரத்தில், ஒரே மாதிரி அடுக்குமாடிகள் உள்ள பகுதியில் நடக்கிறது. எப்போதும் மழை. பேசுகிறவர்கள் ஒவ்வொரு வார்த்தையிலும் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குகிறார்கள், என் கொழுந்தனார் போனில் பேசுவது போல. நாயகனுக்குப் பத்தொன்பது வயது, வேலை இல்லை, நண்பர்கள் இல்லை. நல்ல கார் வைத்திருக்கும் ஒருவன் அவனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கித் தருகிறான். அடுத்த வாரம், இந்தப் பையை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வா என்கிறான். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. பிறகு அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைக்கிறது. ஐந்தாவது எபிசோடில் அவன் வெளியே வர முடியாத அளவுக்கு உள்ளே மாட்டிக்கொள்கிறான்.

ஆனால் எனக்கு அவன் முக்கியமில்லை. அவனுடைய அம்மாதான் முக்கியம். நர்ஸ். களைத்துப்போய் வீட்டுக்கு வருவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவன் ஆமாம் என்பான், நம்பிவிடுவாள். வாசலில் புது ஷூ கிடக்கும். அதைத் தாண்டியே உள்ளே போவாள். "ஷூவைப் பாரு, ஷூவைப் பாரு" என்று நான் டிவியைப் பார்த்துச் சொல்வேன். மூன்று எபிசோட் ஆகியும் அவள் பார்க்கவில்லை. அந்த அம்மாவாக மட்டும் நான் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

என் மகனுக்கு ஏழு வயது.

நாங்கள் ஜனவரியில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸில் உள்ள காப்பெலுக்கு வந்திருந்தோம். கணவருக்கு வேலை மாற்றம். படிப்பு ஆண்டின் நடுவில் பிள்ளையைப் பிடுங்கி நடலாமா என்று நான் நியூ ஜெர்சியில் ஒரு மாதம் யோசித்தேன், வந்த பிறகு இரண்டு மாதம் யோசித்தேன். பிப்ரவரியில் டீச்சரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இடைவேளையில் தனியாகத்தான் விளையாடுகிறான், ஆனால் சந்தோஷமாகத் தெரிகிறான் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு விஷயங்களும் ஒரே வாக்கியத்தில் எப்படி இருக்க முடியும் என்று அதை நாற்பது தடவையாவது படித்திருப்பேன். கணவரிடம் காட்டினேன். "சந்தோஷமா இருக்கான்னுதானே எழுதியிருக்காங்க" என்றார். அவர் வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் படிக்கிற ஆள்.

அதனால் மார்ச் மாதம் ஒரு மாலை, குளித்துக்கொண்டே அவன் தான் ஒரு க்ரூவில், அதாவது ஒரு குழுவில், சேர்ந்திருப்பதாகச் சொன்னபோது, சந்தோஷத்தில் அவன் தலைக்கு இரண்டாவது தடவை ஷாம்பு போட்டேன். அவனுக்கு நண்பர்கள். பன்மையில். எங்கள் தெரு கடைசியில் வட்டமாக முடிகிறது. அந்த வட்டத்தில் இருக்கும் வீட்டுப் பெண்தான் தலைவி. வயது ஒன்பது. அவள், அவளுடைய ஐந்து வயதுத் தம்பி, இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பையன், இப்போது இவன். ஸ்கூட்டரில் சுற்றுவார்கள். அந்தக் குடும்பமும் தமிழ்தான், சென்னை. இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் துணி மடித்தபோது நாலாவது எபிசோட் ஓடியது. அப்போதுதான் எனக்கு உதித்தது. அவன் ஸ்கூட்டரில் ஒரு பெல் இருக்கிறது. மஞ்சள் நிறம், அதில் ஒரு தேனீ. நாங்கள் வாங்கித் தந்ததில்லை.

கேட்டேன். அவள் கொடுத்தாளாம். க்ரூவில் இருப்பவர்கள் எல்லோரிடமும் பெல் இருக்குமாம். எனக்கு உடனே ஷூ ஞாபகம் வந்தது. ஒரு விளையாட்டுப் பொருளைப் போய் அப்படி நினைக்கலாமா என்று என்னை நானே கடிந்துகொண்டேன். கடிந்துகொண்டு அன்று மாலை சற்று முன்னதாகவே ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

பஸ்ஸிலிருந்து முதலில் அந்தப் பெண் இறங்கினாள், கைவீசிக்கொண்டு. பின்னால் என் மகன். முதுகில் அவன் பை, முன்னால் வயிற்றில் அவளுடைய பை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மாதிரி நடந்து வந்தான். அவள் வீடு வரைக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"கண்ணு, அந்தப் பைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"டோன்ட் நோ."

"கேக்கலையா?"

"வி டோன்ட் ஆஸ்க்மா" என்றான், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

அதே வசனம். எழுத்துக்கு எழுத்து சப்டைட்டிலில் வந்த அதே வசனம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது இன்னொன்றும் வெளியே வந்தது: அவனுக்கு அங்கே பட்டப்பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு வகைச் சீஸின் பெயர்.

கணவரிடம் தனியாகச் சொன்னேன். தனிமை, பரிசு, சின்ன வேலை, பட்டப்பெயர் என்று வரிசையாக, தொடரில் எந்த எபிசோடில் எது வந்தது என்பதோடு சொன்னேன். முழுவதும் கேட்டார். அது அவரிடம் உள்ள நல்ல குணம்.

"ஏழு வயசுப் பையன் கேங்குல சேந்துட்டாங்கற?"

"கேங்குன்னு சொல்லலீங்க. ஆனா ஆரம்பம் இப்படித்தான் இருக்குது."

"அவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது."

"அந்த டென்மார்க் பையனும் ரொம்ப அப்பாவிதானுங்க."

அவர் காமெராவை அணைத்து வைத்திருந்த மீட்டிங் ஒன்றுக்குத் திரும்பிப் போனார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் தலையிடக் கூடாது என்று ஒரு கட்டுரை படித்தேன். சரியான நேரத்தில் தலையிட வேண்டும் என்று இன்னொன்று படித்தேன். கடைசியில் அந்த நர்ஸ்தான் என்னைக் கிளப்பினாள். யாரோ கொடுத்த பொருளை வைத்திருக்கும்வரைதான் பிடி. திருப்பிக் கொடுத்துவிட்டால் அவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. வியாழக்கிழமை அவன் பள்ளிக்குப் போன பிறகு கராஜுக்குப் போய் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து பெல்லைக் கழற்றினேன்.

அந்த வீட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டியதையும் தயார் செய்துகொண்டேன். கோபம் இல்லாமல், ஆனால் உறுதியாக: உங்கள் பெண் பெரியவள், இவன் சின்னவன், பை தூக்க வைப்பது சரியில்லை, கொஞ்ச நாள் தள்ளியிருக்கட்டும். எல்லாம் சரி. ஆனால் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது ஈரோட்டுப் பக்கம் வழக்கமில்லை. புகார் சொல்லப் போகிற வீட்டுக்கும் அதே சட்டம்தான். எனவே காலையில் கடலைப்பருப்பை வேகவைத்து, ஒப்பிட்டு தட்டி, அதில் ஆறை எண்ணி ஒரு டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் தேனீ பெல்.

கதவைத் திறந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். "வாங்க வாங்க, போளியா? இந்த ஊருக்கு வந்து போளியைக் கண்ணால பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் அது ஒப்பிட்டு என்று சொல்வதற்குள் காபி வந்துவிட்டது. சிக்கரி போட்ட ஃபில்டர் காபி. பாதி குடித்த பிறகு புகார் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்: அவருடைய பெண் என் மகனைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறாளாம், இவ்வளவு சமத்தான பையனைப் பார்த்ததே இல்லையாம். ஒரு தாயிடம் அவள் பிள்ளையைப் புகழ்ந்துவிட்டால் அப்புறம் அவளால் என்ன பேச முடியும்? பெல்லை மட்டும் நீட்டி, "இது உங்க பொண்ணு குடுத்தாளாமாக்கா, திருப்பிக் குடுத்தர்லாம்னு வந்தேன்" என்றேன். அவர் அதை வாங்கி ஆரஞ்சுப் பழக் கூடையில் போட்டார்.

கிளம்பும்போது டப்பா கைக்கு வந்தது. கனமாக. பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதில் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் வித்தியாசம் இல்லை. வாசல்படி இறங்கியபோது, "ஒரு சின்ன ஹெல்ப்மா" என்றார். சனிக்கிழமை அவருக்கு ஆபீஸ் வேலையாம். ஒரே ஒரு தடவை அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரையும் தமிழ் வகுப்புக்கு என் வண்டியில் கூட்டிக்கொண்டு போக முடியுமா? என் மகன் எப்படியும் அங்கேதானே வருகிறான். உங்கள் வண்டி பெரிய வண்டி வேறு.

"அதுக்கென்னக்கா" என்றேன்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முதலில் உபசாரம். பிறகு ஒரு பொருள். பிறகு ஒரு சின்ன வேலை. டப்பாவுக்குள் என்ன என்று நானும் கேட்டிருக்கவில்லை. சமையலறையில் திறந்து பார்த்தேன், சுண்டைக்காய் வத்தக்குழம்பு. அந்த டென்மார்க் பையனைச் சேர்க்க அவர்களுக்கு மூன்று எபிசோட் ஆனது. என்னைச் சேர்க்க நாற்பது நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.

அன்று மாலை என் மகன் வழக்கம் போல ஸ்கூட்டரை எடுக்கப் போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான்.

"பெல் எங்கே?" என்பதை ஆங்கிலத்தில் கேட்டான். அடுத்தவர்கள் பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பொறுமையாக விளக்கினேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவன் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, யூ க்விட் ஃபார் மீ."

பெல்லைத் திருப்பிக் கொடுத்தால் க்ரூவை விட்டு விலகுகிறேன் என்று அர்த்தமாம். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து அந்தப் பெண் தன் பையைத் தானே சுமந்துகொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். பங்காளிச் சண்டை போட்டவர்கள் கல்யாண வீட்டில் தலையசைப்பது போல. என் மகன் எல்லோருக்கும் கடைசியாக இறங்கினான். முதுகில் ஒரு பை மட்டும். அவ்வளவுதான் கேட்டேன், அதுதான் கிடைத்தது.

"இன்னிக்கு ரிசஸ்ல யாரோட விளையாடின கண்ணு?"

"தி வால்" என்றான். சுவரில் பந்தை அடித்தால் அது திருப்பி அனுப்புமாம்.

இரவு கணவரிடம் புலம்பினேன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த மூன்று நண்பர்கள். ஸ்க்ரூட்ரைவரால் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டேன். சிறையிலிருந்து காப்பாற்றி, சுவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கணவர் "போய்ப் பேசு" என்றார். அந்த அக்காவிடமா என்றேன்.

"அவங்ககிட்ட பேசி என்ன ஆகப்போவுது? பாஸ்கிட்ட பேசு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிடச் சரியான யோசனை எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்வது போலீசுக்குப் போவது மாதிரி. அந்தத் தொடரில் போலீசுக்குப் போனவர்கள் யாரும் நன்றாக இல்லை.

சனிக்கிழமை மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க அந்தப் பெண்ணும் என் மகனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெரிய பிள்ளைகள் வகுப்பு சின்னப் பிள்ளைகள் வகுப்பைவிடப் பத்து நிமிடம் முன்னால் முடியும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நம்பியிருந்தேன். அந்தப் பெண் தனியாக நடந்து வந்து வண்டியில் ஏறினாள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். முறுக்கு டப்பாவை நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"அந்த பெல்லை அவன் திருப்பிக் குடுக்கலம்மா. நான்தான் கழட்டினேன். அவனுக்கே தெரியாது."

"ஐ நோ ஆன்ட்டி."

"தெரியுமா?"

"அவனுக்கு ஸ்க்ரூட்ரைவர் யூஸ் பண்ணத் தெரியாது."

அதுவும் சரிதான். "அப்பறம் ஏன் அவனைச் சேத்துக்கல?" என்றேன். குரல் கொஞ்சம் கெஞ்சலாக வந்துவிட்டது.

அவள் முறுக்கை ஒரு சுற்று கடித்து முடித்தாள். பிறகு, "ப்ராப்ளம் அவன் இல்ல ஆன்ட்டி. நீங்க" என்றாள்.

குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் விளையாடும்போது நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கையசைக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் பாட்டிலோடு வருகிறேன். போன வாரம் எல்லோரும் ஒரு மிஷனுக்காகப் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது, நேராக அங்கே வந்து அவனுக்கு சன்ஸ்க்ரீன் தடவினேன்.

"எல்லாருக்கும் தடவினீங்க."

"வெயில் அடிச்சுதும்மா."

"இட் வாஸ் க்ளௌடி."

மேகமூட்டத்திலும் கதிர்கள் வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"க்ரூல அம்மாஸ் இருக்கக் கூடாது ஆன்ட்டி. அது ரூல்."

"அப்படி ஒரு ரூல் எப்ப வந்துச்சு?"

"இப்ப."

பேரம் ஆரம்பித்தது. அவள் இருட்டும்வரை என்றாள். நான் அரை மணி நேரம் என்றேன். ஒரு மணி நேரத்தில் வந்து நின்றோம். நாற்காலி கூடாது, தண்ணீர் பாட்டிலை அவனே எடுத்து வருவான், சன்ஸ்க்ரீன் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். தபால் பெட்டிகள் இருக்கும் திருப்பத்தைத் தாண்டக் கூடாது என்றேன். சரி என்றாள். தெருவில் கார் வந்தால் என்று தொடங்கினேன்.

"ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். என் மீதிப் பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது.

"ப்ளீஸ் டோன்ட் வொரி. நான் அவனைப் பாத்துக்கறேன்."

எட்டாவது எபிசோடில் மாடிப்படியில், காய்கறிப் பையோடு வரும் அந்த நர்ஸுக்கு அந்தக் கார்க்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இதே வார்த்தையைத்தான் சொல்கிறான். அன்று அதைக் கேட்டதும் மடித்துக்கொண்டிருந்த சாக்ஸை டிவி மேல் எறிந்தேன். இவளுடைய வாயோரத்தில் முறுக்குத் துகள் ஒட்டியிருந்தது. அந்த நர்ஸ் என்ன பதில் சொன்னாளோ, அதையேதான் நானும் சொன்னேன்.

"சரி. தேங்க்ஸ்மா."

பிறகு துணிச்சலை வரவழைத்துக்கொண்டு பை விஷயத்தையும் கேட்டேன். அவன்தான் தூக்குகிறேன் என்று கேட்டானாம். பைக்குள் லைப்ரரி புத்தகங்கள்தான் இருந்தனவாம். அதை என் மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தெரிந்துவிட்டால் அவனுக்கு சுவாரசியம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவள் வாசலில் வந்து நின்றாள், பெல் அவள் பாக்கெட்டில் இருந்தது. என் மகன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து ஓடிய வேகத்தில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டான். நான் அதைக் கையில் எடுத்து வாசல்வரை போனேன். திரும்பி வந்து மேஜையில் வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒப்பந்தம்" என்றார்.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தெரு தெரியாத ஒரே இடம் பின்பக்கத்துப் பாத்ரூம். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற டப்பைத் தேய்த்தேன். குழாயைத் திறந்து வைத்தால் வெளிச்சத்தம் கேட்காது. ஆனால் ஏதாவது நடந்து யாராவது கூப்பிட்டால் அதுவும் கேட்காதே என்று மூடினேன். திறந்தேன். ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். போனில் இருபத்தொரு நிமிடம்தான் ஆகியிருந்தது. டப்பை மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன்.

ஒரு மணி நேரம் ஏழு நிமிடத்தில் வந்தான். முழங்கையில் சேறு, கன்னத்தில் சாக்பீஸ், ஒரு சாக்ஸைக் காணோம். நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்து, இன்னொரு டம்ளர் குடித்தான்.

என்ன செய்தீர்கள் என்று கேட்கக் கூடாது என்றுதான் பாத்ரூமில் முடிவு செய்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"சீக்ரெட்மா" என்றான்.

சாக்ஸ் எங்கே என்று கேட்டேன். அதுவும் சீக்ரெட். முழங்கையைக் கழுவிவிடும்போது வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினான். பிறகு ஏதோ பெரிய உதவி கேட்கப் போகிறவன் போல என் தோளில் ஈரக் கையை வைத்தான்.

"கேன் யூ ஸ்டே இன்சைட் டுமாரோ டூ?"

இருக்கிறேன் கண்ணு என்றேன். மாடியில் தேய்க்க இன்னொரு பாத்ரூம் இருக்கிறது.